பேரு போயிருக்கு

எங்க சீனியரோட பேரு போயிருக்குன்னு எனக்கு முதல்ல சொன்னது கோர்ட் வாசல்ல ஜெராக்ஸ் கடை வச்சிருக்கறவர்தான். வக்கீலுங்க நடுவுல "பேரு போயிருக்கு"ன்னா ஒரே அர்த்தம்தான், ஹைகோர்ட் ஜட்ஜ் ஆக்கலாம்னு ஒரு லிஸ்ட் டெல்லிக்குப் போயிருக்கு, அதுல இவரும் இருக்காருன்னு. குமாஸ்தா அண்ணன் ராத்திரி எட்டரை மணிக்கு வந்து அஞ்சு வருஷ வருமான வரி ரிட்டர்ன், சார் ஆஜரான ஜட்ஜ்மென்ட் ஒரு பெரிய கட்டு எல்லாத்தையும் நாலு செட் காப்பி எடுத்துட்டுப் போயிருக்காரு, கடைக்காரருக்கு அது போதும். அவரு இருபது வருஷமா அந்த வாசல்ல இருக்காரு, எந்தெந்த வக்கீல் எப்ப ஐடி ரிட்டர்ன் காப்பி எடுத்தாருன்னு வச்சே அடுத்த ஜட்ஜ் லிஸ்ட்டச் சொல்லிருவாரு. "உங்க சார் நிச்சயம் தம்பி, ஸ்வீட் வாங்கி வைங்க"ன்னாரு. இது 2018. எந்த கோர்ட், எந்த ஊருன்னு இங்க எழுதப் போறதில்ல, சார் பேரும் வேண்டாம், அவரு இப்பவும் பிராக்டிஸ்ல இருக்காரு.

நான் பிராக்டிஸ விட்டு ஒரு கம்பெனியில லீகல் வேலைக்குப் போயி சில வருஷம் ஆச்சு. ஆனா நீதிபதி நியமனம்னு நியூஸ்ல ஏதாவது வந்தா, கொலீஜியமா ஆணையமான்னு (ஜட்ஜுங்களே கூடி அடுத்த ஜட்ஜைத் தேர்ந்தெடுக்கறதா, அரசும் சேர்ந்த ஒரு கமிஷன் தேர்ந்தெடுக்கறதா) டிவியில நாலு பேரு கத்த ஆரம்பிச்சா, எனக்கு அந்த ரெண்டரை வருஷம்தான் ஞாபகம் வருது. அதுலயும் ஒரு சாயங்காலம், ஒரு கேஸ் கட்டு. அதைப் பத்தி எழுதணும்னு ரொம்ப நாளா நினைச்சு நினைச்சு தள்ளிப் போட்டுட்டே வந்தேன்.

முறைன்னு பார்த்தா எல்லாருக்கும் ஓரளவு தெரிஞ்சதுதான். ஹைகோர்ட்டு தலைமை நீதிபதியும் ரெண்டு சீனியர் ஜட்ஜும் உக்காந்து பேரு முடிவு பண்றாங்க, கூப்பிட்டு சம்மதமான்னு கேக்கறாங்க, அப்புறம் ஃபைல் மாநில அரசு, கவர்னர், மத்திய சட்ட அமைச்சகம், நடுவுல ஐபி (மத்திய உளவுத்துறை) ரிப்போர்ட், பிறகு சுப்ரீம் கோர்ட் கொலீஜியம், மறுபடி அமைச்சகம், பிரதமர், ஜனாதிபதின்னு ஒரு தேர் மாதிரி எல்லா வீதியும் சுத்திட்டு நிலைக்கு வரணும். எந்தத் தெருவுல நிக்குதுன்னு மட்டும் யாரும் சொல்ல மாட்டாங்க. சார் விஷயத்துல ஐபி வரைக்கும் வந்தது எங்களுக்கே தெரியும், ஏன்னா சாதாரண சட்டை போட்ட ரெண்டு பேரு வந்து டீக்கடையில "வக்கீல் எப்படி, யாரு யாரு வந்து போறா"ன்னு விசாரிச்சாங்க, டீ மாஸ்டர் அவங்ககிட்ட "ரொம்ப நல்லவருங்க, ஆனா எங்க கடையில கணக்கு பாக்கி இருக்கு"ன்னு சொல்லி வச்சுட்டாரு, அன்னைக்கே போயி அந்த முந்நூறு ரூபா பாக்கிய கட்டிட்டு வந்தேன். அதை வச்சு ஒரு வாரம் சிரிச்சோம். அதுக்கப்புறம் சிரிப்பு கொறஞ்சு போச்சு.

வெயிட்டிங்

பேரு போன வக்கீல் எப்படி மாறுவாருன்னு பக்கத்துல இருந்து பார்த்தவங்களுக்குத்தான் தெரியும். முதல்ல ஃபேஸ்புக் போச்சு. சார் ஒன்னும் புரட்சி எழுதறவர் இல்ல, கோயில் திருவிழா போட்டோ, பழைய பாட்டு, எப்பவாவது ஒரு தீர்ப்பைப் பத்தி நாலு வரி, அவ்வளவுதான். இருந்தாலும் ஒரு ஞாயித்துக்கிழமை உக்காந்து எல்லாத்தையும் அழிச்சுட்டு அக்கவுன்ட்டையே மூடிட்டாரு. அப்புறம் பார் அசோசியேஷன் தீர்மானம்னு யாராவது கையெழுத்துக்கு வந்தா சேம்பர் கதவு சாத்தியிருக்கும். கோர்ட்ல வாதாடுற தொனி மாறிப்போச்சு, முன்னெல்லாம் ஒரு ஜட்ஜ் தப்பா ஒரு பாயின்ட் பிடிச்சா விடமாட்டாரு, பொறுமையா மூணு தடவை சுத்தி வந்து அதே எடத்துல நிப்பாரு, இப்ப "மை லார்ட் சொல்றது சரி"ன்னு உக்காந்துருவாரு. எங்களுக்குள்ள ஜூனியருங்க நாங்க பேசிக்குவோம், சார் இப்பவே பெஞ்சுல உக்காந்து ப்ராக்டிஸ் பண்றாருன்னு. ஆனா பெஞ்சுல உக்காந்தவங்க யாரும் அப்படிப் பணிஞ்சு பேசறதில்ல.

தொழிலும் கரைய ஆரம்பிச்சுது. பெரிய கட்சிக்காரங்க விவரமானவங்க, இவரு எப்படியும் மேல போயிருவாரு, நடுவுல வக்காலத்து மாத்தணும்னு முன்கூட்டியே வேற எடம் பாத்துட்டாங்க. சார் தானாவே சில கேஸ்கள வேண்டாம்னாரு. மாசத்துக்கு நாப்பது ஃபைலிங் போட்ட ஆபீஸ் பத்துக்கு வந்துச்சு, எங்க சம்பளத்தை மட்டும் அவரு குறைக்கல, கையிலேர்ந்து குடுத்துருப்பாருன்னு நினைக்கறேன். ஒவ்வொரு தடவை சுப்ரீம் கோர்ட் சைட்ல கொலீஜியம் தீர்மானம் ஏறுறப்பவும் (2017 அக்டோபர்லேர்ந்து இப்படிப் போட ஆரம்பிச்சாங்க) ஆபீஸ்ல ஒரு அமைதி வரும், யாராவது ஒருத்தர் மொபைல்ல ஸ்க்ரோல் பண்ணிப் பாத்துட்டு ஒன்னும் சொல்லாம உள்ள வைப்போம், சார் எங்க மூஞ்சியப் பாத்தே தெரிஞ்சுக்குவாரு.

இப்ப அந்தச் சாயங்காலம். தூரத்து ஊர்லேர்ந்து அஞ்சு மணி நேரம் பஸ்ல வந்த ஒரு அக்கா. அவங்க தம்பிய ராத்திரி விசாரணைன்னு கூட்டிட்டுப் போயிருக்காங்க, விடியறப்ப பொணம். விசாரணைய வேற ஏஜென்சிக்கு மாத்தச் சொல்லி மனு போடணும். இந்த மாதிரி கேஸ்னா எங்க சார்கிட்டதான் வருவாங்க, பீஸ் பத்திப் பேச்சே இருக்காது, போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட்ட அவரு படிக்கிற மாதிரி வேற யாரும் படிச்சு நான் பாத்ததில்ல. அன்னைக்கும் படிச்சாரு. அரை மணி நேரம். சிவப்புப் பென்சில எடுத்து காயங்களோட பட்டியல்ல ரெண்டு எடத்துல கோடு போட்டாரு, மூணாவது எடத்துல பென்சில் வச்சபடியே கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாரு. அப்புறம் கட்டை மூடிக் கயிறு கட்டுனாரு, அதை எப்பவும் குமாஸ்தா அண்ணன்தான் கட்டுவாரு, அன்னைக்கு இவரே கட்டுனாரு. "வேற நல்ல ஆளாப் பாத்து அனுப்பிருப்பா, இப்ப வேண்டாம், கொஞ்ச நாளு"ன்னு என் மூஞ்சியப் பாக்காம சொன்னாரு.

கட்டைத் தூக்கிட்டு வராண்டாவுக்குப் போனேன். அந்த அக்கா எந்திரிச்சு நின்னாங்க. "கேஸ்ல வலு இல்லையா தம்பி?"ன்னு கேட்டாங்க. நல்லா வலு இருக்கு, அதான் சிக்கல்னு அவங்ககிட்ட எப்படிச் சொல்றது. "இல்லக்கா, சாருக்கு கொஞ்சம் வேலை ஜாஸ்தி"ன்னு சொல்லி எதிர் பில்டிங்ல ஒரு வக்கீலோட பேரை எழுதிக் குடுத்தேன். சிவப்புப் பென்சில் கோட்டை அழிக்கணும்னு தோணுச்சு, அழிக்கல.

இதுல ஒன்னைச் சொல்லணும். சாரை யாரும் மிரட்டல, அந்த கேஸை எடுக்காதன்னு ஒரு போன் கூட வரல. போன் வந்திருந்தா அவரு எடுத்திருப்பாரு, அந்த அளவுக்கு எனக்கு அவரத் தெரியும். யாரும் எதுவும் சொல்லாததாலதான் எடுக்கல. எது ஃபைலை நிறுத்தும்னு தெரியாத ஆளு, எல்லாமே நிறுத்தும்னு நினைச்சுக்குவான்.

யார் கையில சாவி

நான் கொலீஜியம் பக்கம் நின்ன ஆளு. 2015 அக்டோபர் 16, தேசிய நீதிபதிகள் நியமன ஆணையம் செல்லாதுன்னு அஞ்சு பேரு பெஞ்ச் 4க்கு 1ன்னு தீர்ப்பு சொன்ன அன்னைக்கு கேன்டீன்ல எல்லாருக்கும் டீ வாங்கிக் குடுத்தது நான்தான். எங்க தலைமுறை வக்கீலுங்களுக்கு பாட்டி கதை மாதிரி சொல்லிக் குடுத்தது 1973. அரசியல் சாசனத்தோட அடிப்படையை பார்லிமென்ட் மாத்த முடியாதுன்னு சொன்ன கேசவானந்த பாரதி தீர்ப்பு வந்த மறுநாளே, அரசுக்கு எதிரா அதுல எழுதின ஷெலத், ஹெக்டே, குரோவர்னு மூணு சீனியரைத் தாண்டி ஏ.என். ரே தலைமை நீதிபதி. அப்புறம் 1977 ஜனவரி, எமர்ஜென்சியில ஆட்கொணர்வு மனு போடவே உரிமை இல்லைன்னு நாலு பேரு சொன்னப்ப தனியா மறுத்து எழுதின ஹெச்.ஆர். கன்னாவை விட்டுட்டு அவருக்கு ஜூனியரான பெக். கன்னா ராஜினாமா பண்ணிட்டுப் போயிட்டாரு. இதைக் கேட்டு வளர்ந்தவன் அரசாங்கத்துக்கிட்ட சாவியக் குடுன்னு எப்படிச் சொல்லுவான். 1981ல அரசியல் சாசனத்துல தலைமை நீதிபதியோட 'கலந்தாலோசனை'ன்னு இருக்கறது வெறும் ஆலோசனைதான், கடைசி வார்த்தை அரசுக்குன்னு சொன்ன சுப்ரீம் கோர்ட்டே 1993ல ஒம்போது பேரு பெஞ்ச் வச்சு, இல்ல கடைசி வார்த்தை எங்களுக்குன்னு மாத்துச்சு, 1998ல தலைமை நீதிபதி கூட நாலு சீனியர்னு விரிவாச்சு. அரசியல் சாசனத்துல கொலீஜியம்ங்கற வார்த்தையே கிடையாது, அது எல்லாருக்கும் தெரியும், ஆனா நல்லதுக்குத்தானேன்னு நாங்க கேட்டுக்கல.

அந்த ஆணையத்துல ஓட்டையும் இருந்துச்சு. ஆறு பேரு, அதுல ரெண்டு பேரு வேண்டாம்னா பேரு போச்சு, "தகைசால் மனிதர்கள்"னு ரெண்டு பேரு, அவங்க யாரு என்ன தகுதின்னு ஒரு வரையறையும் இல்ல. அது வேண்டாம்னதுல எனக்கு இப்பவும் வருத்தமில்ல. ஆனா அன்னைக்கு டீ குடிச்சுட்டே நாங்க கிண்டல் பண்ணுன ஆள் செலமேஸ்வர், ஒத்தையா மறுத்து எழுதினவர். கொலீஜியத்துக்குள்ள என்ன நடக்குதுன்னு வெளிய யாருக்கும் தெரியாதுன்னுதான் அவரு எழுதியிருந்தாரு, அடுத்த வருஷமே கொலீஜியம் கூட்டத்துக்குப் போறதையே நிறுத்திட்டாரு. அந்த வராண்டாவுல கட்டோட நின்ன அன்னைக்கு ராத்திரிதான் நான் அந்த மறுப்புத் தீர்ப்பை முதல் தடவையா உக்காந்து படிச்சேன். மூணு வருஷம் லேட்டு.

இன்னும் பின்னால போனா 1949 மே மாசம் அரசியல் நிர்ணய சபையில அம்பேத்கர் சொன்னது. தலைமை நீதிபதியோட சம்மதம் இல்லாம நியமனமே கூடாதுன்னு சிலர் கேட்டப்ப, அவரும் நம்மள மாதிரி எல்லா பலவீனமும் விருப்பு வெறுப்பும் உள்ள மனுஷன்தானே, அவருக்கு வீட்டோ குடுக்கறது ஆபத்துன்னாரு. ஜனாதிபதிக்கும் அரசுக்கும் கட்டில்லாம விடுறதும் ஆபத்துன்னாரு. ரெண்டும் ஆபத்துன்னு தெரிஞ்ச ஒரு மனுஷன் நடுவுல அந்தக் கலந்தாலோசனைங்கற வாசகத்தை வச்சாரு, நாம எழுபது வருஷமா அந்த வாசகத்தை ஆளுக்கொரு பக்கம் இழுத்துட்டு இருக்கோம்.

21 நாள்

2020 கடைசியில சாருக்கு பின்னாடி போன பேருங்க கூட வந்துருச்சு, இவரு பேரு வரல. நிராகரிச்சாச்சுன்னும் தகவல் இல்ல. யாரு நிறுத்துனா, எங்க நின்னுச்சு, இன்னைக்கு வரைக்கும் தெரியாது. அவருக்கும் வயசு 54ஐத் தொட்டுருச்சு, அதுக்கு மேல பார்லேர்ந்து எடுக்கறது அபூர்வம். ஒரு நாள் காலையில கோட்டை மாட்டிட்டு வந்து "பழைய கட்டெல்லாம் எடுத்து வையி"ன்னாரு, அவ்வளவுதான், அதைப் பத்தி பேச்சு இல்ல. நானும் கொஞ்ச நாள்ல வேலைக்குப் போயிட்டேன்.

2023 ஜனவரி, பொங்கல் முடிஞ்சு ரெண்டு மூணு நாள் இருக்கும், சாரைப் பாக்கப் போயிருந்தேன். அந்த வாரம்தான் கொலீஜியம் சென்னை வக்கீல் ஜான் சத்யன் விஷயத்துல தீர்மானம் போட்டுருந்துச்சு. முந்தின வருஷம் பிப்ரவரியிலயே அவரு பேரைச் சிபாரிசு பண்ணியிருந்தாங்க, அரசு திருப்பி அனுப்பிருச்சு. ஏன்னு அந்தத் தீர்மானத்துல வெளிப்படையா போட்டுட்டாங்க. பிரதமரை விமர்சிச்ச ஒரு கட்டுரைய ஷேர் பண்ணியிருந்தாராம், நீட்டால உயிரை விட்ட அனிதாவைப் பத்தி ஒரு பதிவு போட்டிருந்தாராம். நேர்மையில எந்தக் குறையும் இல்லைன்னு அதே ஐபி ரிப்போர்ட்டே சொல்லுது. கட்டுரைய ஷேர் பண்ணினது ஒருத்தரோட தகுதியக் குறைக்காதுன்னு எழுதி கொலீஜியம் மறுபடியும் அவரையே சிபாரிசு பண்ணுச்சு, அன்னைக்கு புதுசா சிபாரிசு பண்ணுற ஆளுங்களுக்கு முன்னாடி இவரை நியமிக்கணும்னு வேற சொல்லுச்சு.

சார் என் மொபைல வாங்கி அதை முழுசா படிச்சாரு. போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட் படிக்கிற மாதிரியே, நிதானமா, ரெண்டு தடவை. நான் கொதிச்சுப் போயிருந்தேன், ஒரு போஸ்ட்டுக்காக இப்படியான்னு ஏதோ பேசிட்டே இருந்தேன். அவரு மொபைல திருப்பிக் குடுத்துட்டு சொன்னாரு, "இவருக்காவது காரணம் எழுதிக் குடுத்திருக்காங்கப்பா." குரல்ல கோபமே இல்ல. எனக்கு ஒரு நிமிஷம் புரியல, புரிஞ்சப்ப என்ன பேசறதுன்னு தெரியல. தன்னோட வாழ்க்கையில நல்லா சம்பாதிக்கிற வயசுல ரெண்டரை வருஷத்த, ஃபேஸ்புக்க, குரலை, அந்த அக்காவோட கட்டை எல்லாம் குடுத்துட்டு உக்காந்திருந்த மனுஷன், இன்னொருத்தர் நிராகரிக்கப்பட்டதுக்குக் காரணம் இருக்குங்கறதுக்காக பொறாமைப்படுறாரு.

அதுக்கப்புறம் நடந்தது எல்லாரும் பாத்ததுதான். அதே ஜனவரி 17 சிபாரிசு பண்ணின புதுப் பேருங்கள்ல அஞ்சு பேரு பிப்ரவரி 7 சென்னையில பதவி ஏத்தாங்க. 21 நாள். அவங்கள்ல விக்டோரியா கௌரியோட பழைய பேச்சுகளையும் பாஜக பொறுப்பையும் காட்டி சில வக்கீலுங்க சுப்ரீம் கோர்ட் போனாங்க, அங்க வழக்கு நடந்துட்டிருக்கறப்பவே இங்க பதவியேற்பு, தகுதி வேற பொருத்தம் வேற, பொருத்தத்துக்குள்ள நாங்க வரமாட்டோம்னு மனு தள்ளுபடி. கட்சி பின்னணி இருந்தாலே ஆகாதுன்னு நான் சொல்ல மாட்டேன், கேரளாவுல கம்யூனிஸ்ட் ஆட்சியில மந்திரியா இருந்த கிருஷ்ணய்யர்தான் பின்னாடி சுப்ரீம் கோர்ட்ல ஏழைங்களுக்கு கதவைத் திறந்து விட்டவரு. எனக்கு உறுத்துனது வேற. இந்தத் தேரு நினைச்சா 21 நாள்ல நிலைக்கு வருது. ஆக, சிஸ்டம் மெதுவா ஓடுதுன்னு இத்தனை வருஷமா நமக்குச் சொன்னது பொய். முந்தி நியமிக்கணும்னு எழுதின சத்யனுக்கு ஆணை வரல, சீனியாரிட்டி பாதிக்குதேன்னு கொலீஜியம் மார்ச்ல கவலைப்பட்டு எழுதுச்சு, அப்பவும் வரல. கர்நாடகாவுல ஆதித்ய சோந்தி, ரெண்டு தடவை சிபாரிசு பண்ணியும் வராததால ஒரு வருஷம் பாத்துட்டு 2022ல சம்மதத்தை வாபஸ் வாங்கிட்டாரு. எங்க சாருக்கு வாபஸ் வாங்குற தைரியம் வரல, அல்லது ஆசை விடல, ரெண்டும் ஒன்னுதானோ என்னவோ.

சரி, என்னதான் பண்ணலாம்ங்கற

இது சார் என்கிட்ட கேட்ட கேள்வி. முன்சீப் ஆகணும்னா டிஎன்பிஎஸ்சி நோட்டிபிகேஷன் வருது, எழுத்துத் தேர்வு, இன்டர்வியூ, மார்க், ரேங்க், தப்பா மார்க் போட்டா ரிட் போடலாம். அந்த முன்சீப்போட தீர்ப்பை ரத்து பண்ணுற ஹைகோர்ட் ஜட்ஜுக்கு மட்டும் விண்ணப்பமே கிடையாது, யாராவது உன்னைப் பாக்கணும், பாத்தவங்களுக்குப் பிடிக்கணும். யாரு கண்ணுல யாரு படுறாங்கன்னு பாத்தா, பார்லிமென்ட்ல சட்ட அமைச்சகம் குடுத்த கணக்கே சொல்லுது. 2018லேர்ந்து 2025 தொடக்கம் வரைக்கும் நியமிச்ச 715 ஹைகோர்ட் ஜட்ஜுங்கள்ல பட்டியல் சாதி 22, பழங்குடி 16, ஓபிசி 89. கொலீஜியம் வர்றதுக்கு முன்னாடி, 1973ல சென்னை ஹைகோர்ட்டுக்கும் 1980ல சுப்ரீம் கோர்ட்டுக்கும் முதல் தலித் நீதிபதியா போனவரு நம்ம ஜோலார்பேட்டை வரதராஜன். அப்ப அரசியல்வாதிங்க கையிலதான் சாவி இருந்துச்சு. இதை அரசுக்கு ஆதரவான வாதமா எடுத்துக்காதீங்க, அதே சாவிதான் கன்னாவையும் வெளிய தள்ளுச்சு.

இங்கிலாந்துல 2006லேர்ந்து ஒரு கமிஷன், நீதிபதி வேலைக்கு விளம்பரம் குடுத்து விண்ணப்பம் வாங்குறாங்க, தலைவரா வர்றவரு நீதிபதியோ வக்கீலோ இல்லாத ஆளு. சவுத் ஆப்ரிக்காவுல கேமரா முன்னாடியே இன்டர்வியூ. டிவி இன்டர்வியூ நம்ம ஊருக்கு வேண்டாம்னு தோணுது, நம்ம சேனல்காரங்க அதுக்கு பின்னணி இசை போட்டுருவாங்க. ஆனா விளம்பரம் குடு, விண்ணப்பம் வாங்கு, வேண்டாம்னா காரணத்தை அந்த ஆளுக்காவது ஒரு கவர்ல போட்டு அனுப்பு, இதுக்கு அரசியல் சாசனத்தைத் திருத்தணுமா என்ன. கெடு வேற புதுசா கண்டுபிடிக்க வேண்டியதில்ல, 2021 ஏப்ரல்ல சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்கு, ஐபிக்கு நாலுலேர்ந்து ஆறு வாரம், திருப்பிச் சிபாரிசு பண்ணினா மூணு நாலு வாரத்துல நியமனம்னு. மீறுனா என்னன்னு மட்டும் சொல்லல. மீறுனதைக் கேட்டு நடந்த வழக்க விசாரிச்சிட்டிருந்த எஸ்.கே. கவுல் (சென்னையில தலைமை நீதிபதியா இருந்தவரேதான்) ரிட்டயர் ஆகறதுக்கு சில வாரம் முன்னாடி, 2023 டிசம்பர்ல, அந்த வழக்கு லிஸ்ட்லேர்ந்தே காணாம போச்சு. நான் நீக்கலைன்னு அவரே ஓபன் கோர்ட்ல சொன்னாரு. சுப்ரீம் கோர்ட் ஜட்ஜுக்கே ஃபைல் எங்க போச்சுன்னு தெரியலைன்னா எங்க சார் எம்மாத்திரம்.

இதையெல்லாம் போன மாசம் சாரோட சேம்பர்ல உக்காந்து ஒரு மூச்சுல சொல்லிட்டிருந்தேன். மேசையில அந்தப் பழைய சிவப்புப் பென்சில் இருந்துச்சு, பாதி தேய்ஞ்சு. அந்த அக்கா கேஸ் என்னாச்சுன்னு நான் கேக்கல, அவரே சொன்னாரு, எதிர் பில்டிங்காரர் நல்லா நடத்தி ஆர்டர் வாங்கிட்டாரு, தான் போட்ட கோட்டை அப்படியே பிடிச்சுட்டாரு, மூணாவது காயத்தை மட்டும் விட்டுட்டாருன்னு. ஆர்டர் காப்பிய வாங்கிப் படிச்சிருக்காரு. நான் மறுபடி கமிஷன், கெடுன்னு ஆரம்பிச்சேன், குமாஸ்தா அண்ணன் கதவைத் தள்ளிட்டு "சார், பதினேழாவது ஐட்டம் வந்துருச்சு"ன்னாரு. "அப்புறம் பேசுவோம்பா"ன்னு கவுனை மாட்டிட்டே எந்திரிச்சாரு, கட்டை என்கிட்ட நீட்டுனாரு, பழைய பழக்கம், நானும் வாங்கிட்டுப் பின்னாலயே போனேன்.